மாடி இல்லாத வீடு

— முழுசாப் படிச்சியாக்கா?

— ரெண்டு தடவ.

— அப்போ திட்டு. காலைல இருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க.

— திட்ட என்ன இருக்கு... கதை அழகாத்தான் இருக்கு. வீடு மட்டும் யார் வீடுடா?

— நம்ம வீடுதான்.

— நம்ம வீட்டுல மாடி உண்டு.

— கதைக்கு எதுக்குக்கா மாடி?

— அப்பா அங்கதான இருந்தார்? நீ அவரக் கீழ, வாசல் அறையில படுக்க வச்சிருக்க. ஜன்னல், வெயில், தெருவுல போறவங்க பேச்சு... கொடுத்து வச்ச மனுஷன்.

— சும்மா ஒரு இடம்...

— சும்மாவா? இடத்த மாத்தினா கதையே மாறிடும்னு பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தறவ நான்.

— சரிங்க டீச்சர். நடத்துங்க.

— சிரிக்காத. அந்தப் படியில அவர் எப்படி இறங்குவார்? சொல்லு.

— ...உக்காந்து உக்காந்து.

— தடிய முதல்ல கீழ்ப்படியில வச்சுட்டு, குழந்தை மாதிரி நகர்ந்து நகர்ந்து. கடைசியில அங்கயேதான விழுந்தார்? உன் கதையில தூக்கத்துல போறார்.

— போகட்டுமே. கதையிலயாவது.

— அவருக்காகவா, உனக்காகவா? படிய எடுத்துட்டா, முட்டி தேஞ்ச மனுஷன மேல ஏத்தினது யாருன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். நீயும் நல்ல பிள்ளைன்னு பேர் வாங்கிடலாம்.

— வேணாம்க்கா.

— ஏன், உன் பொண்டாட்டி காதுல விழுந்துடுமா?

— அவள இழுக்காத. அவரக் கீழ கொண்டு வாங்கன்னு எங்கிட்ட சண்ட போட்டவ அவ.

— அப்புறம் எது தடுத்துச்சு?

— வாசல் அறை பூட்டிக் கிடந்துச்சு. லீவுக்கு வந்தா நான் எங்க தங்கறதுன்னு கேட்டது யாரு? எஞ்சாமான ஒருத்தரும் தொடக்கூடாதுன்னு பூட்டிட்டுப் போனது யாரு? படிய எழுதினா அந்தப் பூட்டையும் எழுதணும். அதான் ரெண்டையும் எடுத்துட்டேன்.

— உடைச்சிருக்கலாம்ல...

— சுத்தியலோட போனேன். அப்பா விடல. அக்கா வந்தா வருத்தப்படுவாடான்னார்.

— ...தெரியும். போன் பண்றப்பல்லாம், உன் அறை அப்படியே இருக்கும்மான்னு எங்கிட்டயும் சொல்லுவார். அந்தப் பூட்ட எங்கயாவது எழுதியிருக்கியான்னு தேடித்தான்டா ரெண்டாவது தடவ படிச்சேன்.