ஒச்சாண்டிக்குப் பந்து போட்டவன்

காபி வேண்டாம் ஐயா. வெறும் வயிற்றில் காபி குடித்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும். மருந்துக்கடைக்காரனுக்கே நெஞ்சுக்கரிப்பா என்று ஒச்சாண்டி கேலி செய்வான்.

என் பெயர் ஜெபராஜ். கோம்பை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கிற மருந்துக்கடை என்னுடையது. ஊரில் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். உத்தமபாளையம் போய் நிஜ டாக்டரைப் பார்த்தால் அரைநாள் கூலி போய்விடும். என்னிடம் கண்ணைக் காட்டிவிட்டு அடுத்த ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறிவிடலாம். அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

ஒச்சாண்டி பேஸ்பால் ஆடுகிறவன். ஊரில் அதை உருட்டுக்கட்டை ஆட்டம் என்பார்கள். பத்தாம் வகுப்பில் பி.டி. மாஸ்டர் அவன் கையில் மட்டையைக் கொடுத்தார். தினமும் காலை ஐந்தரைக்குப் பந்து போட ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் போட்டேன். பதினொரு வருஷம் போட்டேன் ஐயா. எனக்குப் பெண் பேச வந்தவர்களைக்கூடப் பத்து மணிக்கு மேல்தான் வரச் சொன்னேன். மாநில அணி, இந்திய அணி, கடைசியில் துபாயில் சம்பளத்துக்கு ஆட்டம் என்று அவன் ஏறிக்கொண்டே போனான். இன்றைக்கு நம் பக்கம் ஆறு பள்ளிக்கூடங்களில் பேஸ்பால் டீம் இருக்கிறது. பொடிசுகள் எல்லாம் அவனை மாதிரியே இடதுகாலைத் தூக்கிக்கொண்டு அடிக்கிறார்கள். பார்த்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

துபாயில் ஒரு சீசன் ஆடிவிட்டு வந்தவன் நேராக என் கடைக்குத்தான் வந்தான்.

"அண்ணே, அங்கன பந்து போடுறதுக்கு மிஷினு இருக்குண்ணே. எத்தன போட்டாலும் அலுக்காது. இனி ஒங்க கைக்கு ரெஸ்ட்டுதான்."

சந்தோஷமாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த சீசனுக்கு எட்டு மாதம் இருந்தது. சும்மா இருக்கப் பிடிக்காமல் மாமனாரோடு ஏலச்செடிக்கு மருந்தடிக்கப் போனான். கண் சிவந்து வந்தது. சொட்டு மருந்து கொடுத்தேன். இரண்டே நாளில் வெளுத்துவிட்டது. விட்டதும் மறுபடி சிவந்தது, மறுபடி கொடுத்தேன். அந்த மருந்தின் குணம் அது. பார்வை கொஞ்சம் மங்கினால் ஒரு சீசன் இங்கேயே இருப்பான், அப்புறம் மருந்தை நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

ஆறாவது மாதம், "ஓரத்துல இருட்டா இருக்குண்ணே" என்றான்.

"தூக்கம் பத்தலடா" என்றேன்.

அதற்குப் பிறகு பந்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தேன். வேகத்தைக் குறைத்தேன். அவன் மட்டை எங்கே வரும் என்று எனக்குத் தெரியும், அங்கேயே போட்டேன். என் ஆயுசில் அவ்வளவு அக்கறையாக நான் பந்து போட்டதில்லை.

துபாய்க்குப் போனான். மூன்றாவது பந்து தோளில் விழுந்த பிறகுதான் பந்து வந்ததே அவனுக்குத் தெரிந்ததாம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிப் போனேன். நரம்பு செத்துவிட்டது, போன பார்வை திரும்பாது, மிச்சமும் போய்விடும் என்றார்கள். வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெனமும் நீங்கதானண்ணே பந்து போட்டீக. நான் நல்லாத்தான அடிச்சேன்?" என்று கேட்டான்.

"நல்லாத்தான்டா அடிச்ச" என்றேன்.

அவன் மனைவி ராஜாத்தி கெட்டிக்காரி. காலிச் சொட்டு மருந்துப் பாட்டில்களில் தையல் மிஷினுக்கு எண்ணெய் ஊற்றி வைப்பாள். போன வாரம் அத்தனையையும் அள்ளிக்கொண்டுபோய் மதுரை டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். இந்த ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன்னால் நேரே என் கடைக்கு வந்தாள். "இதத்தான மாசக்கணக்காக் குடுத்தீக? ஒரு வார்த்த சொல்லலியே, பாவி" என்றாள். அவள் அழுததை என்னால் பார்க்க முடியவில்லை.

தெரிந்தே கொடுத்தாயா என்று கேட்கிறீர்கள். தெரியும். தொடர்ந்து போட்டால் பார்வை போகும் என்று டப்பாவுக்குள் இருக்கிற தாளில் போட்டிருக்கிறது. இரண்டாவது பாட்டில் கொடுத்த அன்றே படித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அந்தத் தாளை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். ராஜாத்தி சொன்னதை அவன் நம்பவில்லை. நேற்றும் மைதானத்துக்கு வந்தான். இப்போது அவன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. மட்டையை நீட்டிக்கொண்டு நிற்பான், நான் அதன்மேல் படுகிற மாதிரி போடுவேன். "எம்புட்டுத் தூரம் போச்சுண்ணே?" என்பான். பந்து அவன் காலடியில் கிடக்கும். "தென்னந்தோப்பத் தாண்டிருச்சுடா" என்பேன்.

நாளைக் காலை ஐந்தரைக்குள் என்னை விட்டுவிடுங்கள் ஐயா. என்னை விட்டால் அவனுக்குப் பந்து போட யார் இருக்கிறார்கள்?