அத்தைக்குப் புரிஞ்சா போடலாம்

...'செம்மைப்படுத்தப்பட்டது'ன்னா என்னங்க அர்த்தம்? ஆஸ்பத்திரி வெப்சைட்ல அப்படிப் போட்டிருந்தா உங்களுக்கு என்ன வெளங்கும்? ஆங், அதான்! ஒரு மண்ணும் வெளங்காது. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பஸ்ஸு திரும்புறப்பல்லாம் உங்க பை இடிக்குது.

அந்த வெப்சைட்ல என்ன மாறுச்சுன்னு குறிப்பு எழுதுறதுதாங்க என் வேலை. ரத்தம் எடுக்குற எடத்த மாத்துனாங்க. நான் எழுதுனேன்: 'ரத்தப் பரிசோதனை இனிமே மூணாவது மாடியில கிடையாது. பின்வாசல் பக்கம் புதுக் கட்டடம், கீழ்த்தளம்.' மேனேஜர் கண்ணாடிய மூக்குல எறக்கிட்டு, "என்னம்மா, கடைக்கு வழி சொல்ற மாதிரி இருக்கு?"ன்னாரு. வழிதானய்யா சொல்றேன்! அழிச்சுட்டு, 'பக்கத்தின் உள்ளடக்கம் செம்மைப்படுத்தப்பட்டது'ன்னு போட்டாரு. புது எடம் உள்ள எங்கயோ கெடக்கு. யாரு தேடுவா?

எங்க மாமியார் தேடல. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? ஒரே வீடு! கேக்க மாட்டாங்க. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை நின்னு மாசக்கணக்காச்சு, நடுவுல என் வீட்டுக்காரர்தான் தபால்காரர். ரத்தம் குடுக்க வெறும் வயித்தோட மூணு மாடி ஏறியிருக்காங்க. கதவு பூட்டு. அங்கயே மயங்கி விழுந்துட்டாங்க.

நர்ஸ் கூப்புட்டு ஓடுறேன்... அவங்க கை ஜில்லுன்னு இருக்குங்க. "அத்தே, அத்தே"ன்னு கத்துறேன். கண்ணத் தொறந்தாங்க. மாசக்கணக்குக்கு அப்புறம் மொத வார்த்த என்ன தெரியுமா? "இதத்தான் எழுதிக் கிழிக்கிறியா?"

விடுவேனா? சக்கரத் தண்ணியக் குடுத்து, நேரா மேனேஜர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். அவங்க நிதானமாக் கேட்டாங்க: "தம்பி, செம்மைன்னா எந்த மாடி?"

மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டுது! அங்க நான் வாய மூடியிருக்கணும்... மூடல. "சார், இனிமே எங்கத்தைக்குப் புரிஞ்சாத்தான் போடணும்!"னுட்டேன். அந்தாளு அதையே புடிச்சுக்கிட்டாரு. இப்ப எத எழுதினாலும், "அத்தைகிட்ட காட்டுனீங்களா?"

யாரச் சொல்லி என்ன? என் வாய்தான்! 'மாற்றியமைக்கப்பட்டுள்ளது'ன்னு எழுதுனா, அத்தை பாத்ரூம் கதவத் தட்டி "யாரு அமைச்சா?"ன்னு கேக்குறாங்க. பல்லு கூட வெளக்க விடல.

நேத்து இப்படி எழுதுனேன்: 'கண் டாக்டர் இனிமே செவ்வாக்கெழம வரமாட்டார். வியாழக்கெழம வருவார். செவ்வாக்கெழம டோக்கனே செல்லும்.' அத்தை ஃபோன எட்டப் புடிச்சுப் படிச்சாங்க. மறுபடியும் படிச்சாங்க. "ம்... புரியுது"ன்னாங்க.

கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அந்தம்மா வாயால எனக்குக் கெடச்ச மொத நல்ல வார்த்தைங்க அது! நான் அப்படியே அடுப்படியில நின்னு... அட, எங்க எந்திரிச்சுட்டீங்க? கடைசி ஸ்டாப்னு சொன்னீங்களே?

ஏங்க... ஏங்க! பஸ்ஸு இன்னும் நிக்கவே இல்லைங்க!