பின் சீட்டுல யாரு?

மணமக்கள் ரெண்டு பேரும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. போட்டோக்காரரே, ஒரு நிமிஷம் வழி விடுங்க சாமி. ஒரு குட்டிச் சங்கதி சொல்லிட்டு நான் பந்திக்குப் போயிடறேன்.

என்னைப் பத்தி முன்னாடியே சொல்லிடறேன். நான் ஒரு சந்தேகப் பிராணிங்க. ஒருத்தர் சும்மா சிரிச்சாலே, 'இவர் எதுக்குச் சிரிக்கறாரு'ன்னு யோசிக்கற ஆளு. அந்தா, மூணாவது வரிசையில... எதுக்குங்க சிரிக்கறீங்க? ஆமா, மேடையில எல்லாரும் இருக்கீங்க, பொண்ணோட அம்மாவை மட்டும் காணோமே? அதுவும் சந்தேகம்தான். அதுக்கு அப்புறம் வர்றேன்.

ஒண்டிப்புதூர்ல பூபதின்னு ஒருத்தர். பம்பு கம்பெனியில வேலை. சம்சாரம் கோகிலவாணி. மாமனார் தவறி வருஷம் திரும்பல, அதனால மாமியார் தெய்வாத்தாளையும் கூட்டிட்டு வந்து வெச்சுக்கிட்டாங்க.

இந்தப் பூபதி ஒரு கார் வாங்கினார். 'சின்னக் கார்தான் வாணி, வீட்டுக்கு அடக்கமா இருக்கும்'னு சொல்லி வாங்கினார். பார்க்கத்தான் சின்னக் கார்... உள்ள இருக்கற இஞ்சின் அப்படியில்ல. ரேஸ் ஓட்டறவங்க ஆசைப்படற வண்டி. மிதிச்சா சீறும். ஆனா தரையோட தரையா இருக்கும். ரோட்டுல கிடக்கற கல்லெல்லாம் முதுகுல தெரியும். மளிகை வாங்கிட்டு வந்தா முட்டையில பாதி உடைஞ்சிருக்கும்.

அவங்க தெரு முனையில ஒரு ஸ்பீட் பிரேக்கர். எந்தப் புண்ணியவான் போட்டானோ, அத்தனை உசரம். பூபதி தனியா போனா வண்டி தாண்டிடும். கூட ஒருத்தர் இருந்தா அடி தட்டும். 'கர்ர்ர்ர்'... வீடு வரைக்கும் கேக்கும். அதனால அந்த வீட்டுல ஒரு சட்டம். ஸ்பீட் பிரேக்கர் வந்தா எல்லாரும் எறங்கணும். பட்டுச்சேலை கட்டியிருந்தாலும் எறங்கணும். நடந்து தாண்டிப் போய் மறுபடி ஏறிக்கணும்.

தெய்வாத்தா திட்டாத நாளில்ல. 'ஏங்கண்ணு, இது காரா உரலா? என்ற இடுப்பே போச்சு. மாப்ளகிட்டச் சொல்லி வித்துப் போடு!'

இப்படிப் போய்ட்டிருக்கறப்ப... பால் பாக்கெட்டுக்கே நகராத பூபதி, சாயங்காலமானா, 'வாணி, கறிவேப்பிலை இருக்குதா? நான் வேணா வாங்கிட்டு வரட்டுமா?'ங்கறார். கறிவேப்பிலைக்கு! பக்கத்துக் கடைக்கு! போனா ஒரு மணி நேரம் ஆளைக் காணோம். நீங்களே சொல்லுங்க, சந்தேகம் வருமா வராதா?

ஒரு நாள் நல்ல மழை. கோகிலவாணி அடுப்படியில நிக்கறா. தெரு முனையில... 'கர்ர்ர்ர்'.

'ஏனுங்க, வண்டியில யாரு வந்தா?'

'யாரு வந்தா? நான் தனியாத்தான் வந்தேன்.'

தனியா வந்தா அடி தட்டுமா? தட்டாது! குடையை எடுத்துக்கிட்டு ஓடினா. முன் சீட்டைப் பார்த்தா. ஒரு பூ? இல்ல. ஒரு முடி? இல்ல. பவுடர் வாசம்? அதுவும் இல்ல. ஒண்ணுமே இல்ல... அதுதான் பெரிய சந்தேகம்! 'எத்தனை சுத்தமாத் தொடைச்சு வெச்சிருக்காரு!' அந்நேரம் பார்த்து அவங்கம்மா, கையில விபூதிப் பொட்டலத்தோட, குடைகூட இல்லாம கோயில்ல இருந்து வர்றாங்க. 'என்ன கண்ணு, மழையில நிக்கற?'

மகளுக்கு அழுகை முட்டுது. சொல்ல முடியுமா? அவங்க துக்கமே இன்னும் ஆறல. அன்னைக்கே துணிமணியைப் பெட்டியில எடுத்து வெச்சுட்டா. நெசம்னு தெரிஞ்சா அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிடறது.

மறுநாள் எங்க போய் நின்னா தெரியுமா? ஸ்பீட் பிரேக்கர்கிட்ட! எவளா இருந்தாலும் அங்க எறங்கித்தானே ஆகணும்? இளநி வண்டிக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கறா. கார் வருது... நிக்குது... கதவு திறக்குது. முன் கதவு இல்லீங்க. பின் கதவு. ஒரு கால் எறங்குது. ரப்பர் செருப்பு. நூல் சேலை. காத்துல முடியெல்லாம் கலைஞ்சு போய், வாய்விட்டுச் சிரிச்சுக்கிட்டு எறங்கறது... தெய்வாத்தா!

'மாப்ளைங்க, பைபாஸ்ல இன்னைக்கு ஒரு விரட்டு விரட்டினீங்க பாருங்க, எனக்கு உசுரே போய் வந்துச்சு!'

மகளைப் பார்த்தாங்க. சிரிப்பு அப்படியே நின்னு போச்சு.

'கோயில்ல கூட்டம் கண்ணு... மாப்ள வழியில பார்த்தாரு...' அதுக்கு மேல பொய் வரல. 'அவரைத் திட்டாத சாமி. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப வேகமா ஓட்டினாரு. உங்கப்பன் போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் நெஞ்சு லேசாச்சு. நான்தான் மறுபடி கேட்டேன். நான்தான் சொல்ல வேண்டாம்னேன். வருஷம் திரும்பறதுக்குள்ள இவளுக்குச் சிரிப்பைப் பாருன்னு... நீ நினைச்சுட்டா?'

ஊரு நினைச்சுட்டான்னு சொல்லல. 'நீ நினைச்சுட்டா'ன்னு கேட்டாங்க.

கோகிலவாணி கண்ணைத் தொடைச்சா. 'ஏறும்மா. முன்னாடி ஏறு.'

'மாப்ள பக்கத்துலயா? ஐயய்யோ!'

'ஏறும்மாங்கறேன்.' இவ பின்னாடி ஏறிக்கிட்டா. 'ஏனுங்க, வண்டியைத் திருப்புங்க. இன்னொரு தடவை போலாம்.'

பொண்ணே, மாப்பிள்ளை... கேட்டீங்களா? மழையில குடையில்லாம வந்த அம்மாவோட சேலை அவ்வளவா நனையலையே, அதை அவ ஏன் பார்க்கல? பூ வைக்காத தலைக்கு ஒரு சந்தோஷம் இருக்கும்னு அவளுக்குத் தோணவே இல்ல. நமக்கும் தோணாது. சந்தேகப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க வீட்டுல ஒருத்தர் ஒளிஞ்சு தப்புப் பண்ணினா, அவங்களைச் சந்தேகப்படுங்க. ஒளிஞ்சு சிரிச்சா... யாரைச் சந்தேகப்படணும்? உங்களை! 'என் முன்னாடி சிரிக்க இவங்களுக்கு என்ன பயம்'னு உங்களைக் கேளுங்க.

இப்ப என்னோட சந்தேகத்துக்கு வர்றேன். அந்தத் தூணுக்குப் பின்னால, சமையக்கட்டு வாசல்ல நின்னு எட்டிப் பார்க்கறாங்களே... ஏம்மா, நீங்கதானே பொண்ணைப் பெத்தவங்க? புருஷன் இல்லைன்னா மேடையில எடமில்லையா? யாரு சொன்னா?

மாப்பிள்ளை, மாலையோடவே எறங்கிப் போங்க. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. நடுவுல உக்காரட்டும். போட்டோக்காரரே... இப்ப எடுங்க.