அவசரத்தில் நடந்ததல்ல

ரசத்தை எப்போது இறக்குவது என்பதில் எங்கள் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து தகராறு. ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதுமே நான் அடுப்பை அணைத்துவிடுவேன். என் மனைவி சுந்தரவல்லி, "இருங்கோ, நடுவுலயும் எழும்பி வரட்டும்" என்பாள். நான் வைத்த ரசத்தை யாரும் குறை சொன்னதில்லை. இரண்டாவது முறை கேட்டதும் இல்லை, அது வேறு விஷயம்.

பூர்ணிமா மேடம், உங்களுக்கு வேலூர்ப் பக்கம் என்று வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சொன்னார். நல்லதாயிற்று. வங்காளியில் எனக்கு மீன்காரனிடம் 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியும், கோபப்படத் தெரியும். வாக்குமூலம் கொடுக்கிற அளவுக்குப் போதாது. பெயர் வெங்கட்ராமன். மத்திய அரசு வேலையில் இங்கே வந்து, ஓய்வு பெற்ற பிறகும் பெஹாலாவிலேயே தங்கிவிட்டவன். மிருதங்கம் வாசிப்பேன். சுந்தரவல்லி பாடுவாள். முழுப் பெயரையும் சொல்லி முடிக்க எனக்குப் பொறுமை கிடையாது, வல்லி என்றுதான் கூப்பிடுவேன். இன்று வந்தது உங்கள் காகிதத்தில் ஒரு வார்த்தையைத் திருத்துவதற்காக. அதிகம் சிரமப்படுத்தமாட்டேன்.

வல்லியின் பாட்டை நீங்கள் கேட்டதில்லை. தாளம் விழுகிற இடத்தில் அவள் விழமாட்டாள். தட்டு விழுந்து, சபை கழுத்தை நீட்டி, இனி வராதோ என்று பயந்த பிறகு, மயிரிழை தள்ளி அந்தச் சொல் வந்து உட்காரும். உடனே முன்வரிசையில் எல்லாத் தலைகளும் ஆடும். ரயில் தாமதமாக வந்தால் ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டுகிறோம். பாட்டு தாமதமாக வந்தால் பாவம் ததும்புகிறது என்கிறோம். தமிழில் அதை எழுதும்போது எந்தப் பாவம் என்று யாருக்கும் தெரியாது. அது ஒரு வசதி.

நான் அப்படி இல்லை. என் கை ஒரு கடிகாரம். இந்த ஊரில் தமிழ்க் கச்சேரி நடந்த இடமெல்லாம் இதை நானே சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் ஸ்னேகா என்ற பெண் வந்தாள். நம்மவர் வீட்டுப் பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஜாதவ்பூரில் ஆராய்ச்சி செய்கிறாள். பாடுகிறவர்கள் காலத்தை எங்கே இழுக்கிறார்கள், எங்கே விடுகிறார்கள் என்று கணினியில் அளக்கிற ஆராய்ச்சி. எங்கள் கச்சேரி ஒன்றைப் பதிவு செய்துகொண்டு போனாள். எனக்குச் சந்தோஷம். வல்லியின் தாமதத்துக்கு விஞ்ஞானமே சான்றிதழ் கொடுக்கப்போகிறது என்று தமிழ்ச் சங்கத்தில் எல்லோரையும் நான்தான் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

திரையில் கோடுகளைக் காட்டி அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். "அங்கிள், ஆன்ட்டி தள்ளிப் பாடறாங்கதான். ஆனா முதல் வரியிலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே அளவாத்தான் தள்றாங்க. நீங்கதான் ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி ஓடறீங்க."

சபை என்னைப் பார்த்தது. வல்லி மைக்கை வாங்கினாள். எனக்காகப் பேசத்தான் வாங்கினாள் என்பதை நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

"அவர் ஓடுவார்னு எனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆனதுலேர்ந்து பாக்கறேன். கொழந்தை மாதிரி. அவர் ஓடினாத்தானே எனக்கு நிக்க எடம் கிடைக்கறது" என்றாள்.

சிரித்தார்கள். அப்புறம் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். முதலில் தட்டியதே நான்தான் என்று கீழ்வீட்டு ரஞ்சன் பிறகு சொன்னான்.

எனக்குக் கோபம் இல்லை. வீட்டுக்கு வந்து போனில் தாளம் போடுகிற செயலியை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். அது கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது. வேறொன்றை இறக்கினேன். அதுவும் அப்படித்தான். தயாரிப்பில் ஏதோ கோளாறு.

வல்லிக்கு வலது கண்ணில் பார்வை போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. மேடையில் மிருதங்கக்காரன் பாடுகிறவளுக்கு வலப்பக்கம் உட்காருவான். ரோட்டிலும் நான் அவளுக்கு வலப்பக்கம்தான் நிற்பேன், வண்டி வருகிற பக்கம். "போலாமா?" என்று கேட்பாள். நான் "போலாம்" என்றதும் அடி எடுத்து வைப்பாள். கழுத்தைத் திருப்பித் தானே பார்க்கலாம்தான். "அதுக்குத்தானே நீங்க இருக்கேள்" என்பாள்.

அவள் காரியத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி அவசரப்பட்டுட்டேளே" என்று அழுதார்கள். ரஞ்சன் அன்று எதிர்ச் சாரியில் பான் வாங்கிக்கொண்டு நின்றவன். அவன் உங்களிடம் சாட்சி சொன்னபோது, "வெங்கட்-தாவுக்கு எப்போதுமே அவசரம், பாவம், அவசரத்தில் போகச் சொல்லிவிட்டார்" என்றிருக்கிறான். இங்கே அண்ணனைத் தாதா, சுருக்கமாகத் தா, என்பார்கள். நம் பக்கம் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். இரண்டும் இப்போது எனக்குப் பொருந்துகிறது. ஆனால் அந்த 'அவசரம்' பொருந்தவில்லை. விபத்து என்று எழுதியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். 'காரணம்: கணவரின் அவசரம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அன்று சரஸ்வதி பூஜைக் கச்சேரிக்கு ஒத்திகை. மத்தியான வெயிலில் கிளம்பினோம். வாசலைப் பூட்டும்போது, "இன்னிக்காவது ஓடாதேங்கோ" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சரி என்றேன்.

மெயின் ரோட்டுக்கு வந்து நின்றோம். மிருதங்கம் என் தோளில். "போலாமா?" என்றாள். ரோடு காலியாக இருந்தது. மேடம், இதை நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். ரோடு காலியாக இருந்தது. அவசரக்காரன் அங்கேயே சொல்லியிருப்பான். நான் சொல்லவில்லை. திருப்பத்தில் ஒரு மினி பஸ் திரும்புவதைப் பார்த்தேன். வல்லி பாட்டில் தட்டு விழுந்த பிறகும் நிற்பாளே, அதுபோல நின்றேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தயாராக வைத்துக் காத்திருந்தாள். ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. பஸ் நெருங்கியது. ஓட்டுநர் பக்கத்தில் இருப்பவனோடு பேசிக்கொண்டு வந்தார். அவர் முகம் தெரிகிறவரை பொறுத்தேன்.

அப்புறம் "போலாம்" என்றேன். என் முழங்கையை விடுவித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அவள் மயிரிழைகூடத் தள்ளவில்லை மேடம். என் சொல் விழுந்த இடத்திலேயே அவள் காலும் விழுந்தது. இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து சரியாக விழுந்தது அந்த ஒரு இடத்தில்தான்.