நெப்டியூன் மறைக்கப்போகும் நட்சத்திரம்

— இன்னும் பாதிகூட அறுபடலயேப்பா. மணி நாலாகப் போகுது.

— கடுக்கா மரம் சார். வைரம் பாஞ்ச கட்டை. அவசரப்பட்டா ரம்பம் ஒடிஞ்சிடும்.

— எட்டு மணிக்குள்ள நான் மேல டெலஸ்கோப்புக்குப் போயாகணும். இட ஒதுக்கீடு கேக்குறவங்க மரத்தை வெட்டிப் போட்டு மறிக்கணும்னா கீழ ஹைவேல மறிக்கட்டும். மலை ரோடு அவங்களை என்ன பண்ணுச்சு?

— ஜீப்புல இருக்கற பொட்டியத் தூக்கிக்கினு நடந்துடுங்களேன்.

— நாலு ஆள் தூக்குற கருவிப்பா அது. ஜீப்பு போனாத்தான் உண்டு.

— எட்டு மணிக்கு அப்படி இன்னா சார்?

— நெப்டியூன்னு ஒரு கிரகம், ஒரு நட்சத்திரத்தை மறைச்சிக்கிட்டுப் போகப் போகுது. ஆளில்லாத விண்கலம் ஒண்ணு பத்து வருஷமா அந்தக் கிரகத்துக்குத்தான் போயிட்டிருக்கு. வழியில கல்லு, தூசி இருக்கான்னு அந்த நட்சத்திரம் மங்குறதை வச்சுச் சொல்லலாம். தவறவிட்டா என் ஆயுசுல திரும்பக் கெடைக்காது.

— நல்லா இருட்டா இருக்கணுமோ?

— அதுக்குத்தானே இந்தக் கல்வராயன் மலையைத் தேடிப் புடிச்சேன்.

— தெரியும் சார். எங்க ஊருக்கு ஆறு கரண்டு கம்பம் வந்து எறங்குச்சி. தீனதயாளன் சார் ஒரு லெட்டர் போட்டாரு, திருப்பி ஏத்திக்கினு பூட்டாங்க.

— என் பேரு உனக்கு... நீ எந்த ஊரு?

— உங்க டெலஸ்கோப்புக்குக் கீழ் ஊருதான். பாண்டியன். போன ஆடியில எம் பொண்டாட்டி வெள்ளச்சி இருட்டுல தண்ணி எடுத்துக்கினு வரச்சொல்ல கண்ணாடி விரியன மிதிச்சிட்டா, விடியறதுக்குள்ள செத்துப்பூட்டா. அந்தக் கெணத்தாண்டதான் மொத கம்பம் நடுறதா இருந்துச்சி.

— சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா.

— வெளக்கு எரிஞ்சா உங்க நட்சத்திரம் தெரியவே தெரியாதா சார்?

— பொய் சொல்ல மாட்டேன். பல்புக்கு மேல தகர மூடி போட்டா வெளிச்சம் தரையிலதான் விழும். அப்படிப் போடுங்கன்னு எழுதியிருக்கலாம்.

— ஏன் எழுதல?

— மூடிக்கு ஆபீஸ் ஆபீஸா அலையணும். கம்பமே வேணாம்னு ஒரு வரி எழுதுறது சுலபமா இருந்துச்சு. நாளைக்கே மாத்தி எழுதித் தர்றேன். என்னை மன்னிச்சிடு.

— தள்ளி நில்லுங்க சார், துண்டாவுது.

— அப்பாடா. கயிறு கட்டி ஓரமா இழுத்துடலாம். இவ்வளவு வயித்தெரிச்சல வச்சிக்கிட்டும் உதவி பண்ணுன பாரு, மறக்க மாட்டேன்.

— வண்டிய எடுங்க சார். போராட்டக்காரங்க கீழ கச்சிராயபாளையத்தத் தாண்டி வரவே இல்ல. மேல வளைவுக்கு ஒண்ணா இன்னும் ஒம்போது மரம் கெடக்குது. நீங்க இன்னைக்கு வருவீங்கன்னுதான் நேத்துலருந்து ஒத்த ஆளா வெட்டிப் போட்டேன்.