வளைவில் நின்ற தண்ணீர்

மீன் புதுசா பழசா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன் இன்ஸ்பெக்டர் ஐயா. எங்கள் பினாங்குக் கடைவீட்டின் கீழ் அறையில் வெகுகாலமாகக் குடியிருந்த கிம் அக்கா, சந்தையிலிருந்து வந்ததும் என்னிடம்தான் மீனை நீட்டுவாள். "நல்லா இருக்கா தம்பி?" என்பாள். நான் சரியென்றால்தான் அடுப்பில் ஏற்றுவாள்.

சாகும்வரை அந்த அறை அவளுக்கே என்று வாக்குக் கொடுத்துவிட்டு என் அப்பா போய்ச் சேர்ந்தார். என் மகன் பூன் லெங்குக்கோ அங்கே காப்பிக்கடை வைக்க ஆசை. காலி செய்யச் சொல்லிக் கேட்டேன். "நான் எங்கடா போவேன்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவில்லை.

என் தொழில் குழாய் வேலை. குளியல் தண்ணீருக்கு ஒரு குழாய், கக்கூஸுக்கு ஒரு குழாய். இரண்டும் போய்ச் சேரும் கழிவுத் தொட்டியின் காற்று வெளியேற மொட்டைமாடி வரைக்கும் இன்னொரு குழாய். கீழ் அறைத் தரையில் தண்ணீர் இறங்கும் சல்லடைக்கு அடியில் குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் நிற்கும் ஒரு குவளைத் தண்ணீர்தான் தொட்டியின் நாற்றம் பிடித்த விஷக்காற்றை அறைக்குள் விடாமல் மறிக்கிறது. மாடிக் குழாயை அடைத்தால், மேலே கக்கூஸில் தண்ணீர் விடும்போதெல்லாம் அது கீழே நிற்கும் அந்தக் குவளைத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். தினமும் தரை கழுவுகிற வீட்டில் அது திரும்ப நிரம்பிவிடும்.

ஆனால் எங்கள் சீனப் புத்தாண்டின் முதல் இரண்டு நாள் தரை கழுவ மாட்டோம். வந்த அதிர்ஷ்டம் தண்ணீரோடு போய்விடுமாம். கிம் அக்கா அதில் ரொம்பக் கறார்.

புத்தாண்டுக்கு முந்தின நாள் மாடிக் குழாயின் வாயில் சிமெண்டு பூசினேன். நாற்றம் தாங்காமல் அவளாகவே கிளம்பிவிடுவாள், அவ்வளவுதான் என் எண்ணம். மேலே எங்கள் வீட்டில் உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். கக்கூஸுக்கு ஓய்வே இல்லை. வெடிச் சத்தம் பிடிக்காமல் அவள் ஜன்னலைச் சாத்தியிருந்தாள்.

இரண்டாம் நாள் காலை ஆரஞ்சுப் பழத்தோடு வாழ்த்துச் சொல்லப் போனேன். கதவைத் திறந்ததுமே அழுகின முட்டை நாற்றம், மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவள் கட்டிலில் கிடந்தாள், உடம்பு சில்லிட்டிருந்தது. மேசையில் எனக்கென்று ஒரு ஜோடி ஆரஞ்சு எடுத்து வைத்திருந்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை ஐயா. நான் பாவிதான்.

ஆனால் கொல்ல நினைக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்படி நாறினால் யாரும் எழுந்து வெளியே ஓடத்தானே செய்வார்கள்?

மீனை ஏன் என்னிடம் நீட்டுவாள் என்றா கேட்கிறீர்கள்? என்றைக்கோ வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்கு மூக்கு செத்துப்போயிற்று. எந்த வாசனையும் தெரியாது.