மூன்றெழுத்து விடை

மலேசியாவின் கெலாங் பாத்தாவில் பஸ்ஸுக்காக வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தோளுயரமே இருந்த இளைஞன் எக்கி நின்று அவளுக்குக் குடை பிடித்தான்.

"மழைத்தண்ணி தேங்குற இடம். உயரம் குறைஞ்ச ஆளையும் அப்படிச் சொல்லலாம். மூணு எழுத்து."

"குளம்."

"முதல் எழுத்து சரி. கடைசி எழுத்து 'டை'."

"தெரியல லா."

"தெரியும். சொல்ல மாட்டீங்க."

"சரி, குட்டை! நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றப்ப உங்கம்மாவும் இதைத்தான் சொல்லப் போறாங்க."

"நேத்தே சொல்லிட்டாங்க."

அவன் முகம் தொங்கிவிட்டது. "நீ என்ன சொன்ன?"

"என் ஹீல்ஸ் எல்லாத்தையும் எடுத்துத் தங்கச்சிக்குக் கொடுத்துட்டேன். அதைப் பாத்துட்டு அம்மா, மாப்பிள்ளைக்கு என்ன சமைக்கறதுன்னு கேட்டாங்க."